இருப்பும் வரத்தும்: மட்டாஞ்சேரிச் சுண்ணாம்பும் ஒரு பவளத் தொட்டியும்

மட்டாஞ்சேரி அரண்மனைக்குச் செல்பவர்கள் அங்குள்ள இராமாயணச் சுவரோவியங்களைப் பார்க்கிறார்கள். அவற்றைத் தாங்கி நிற்கும் சுண்ணாம்பின்மீது யாருடைய கண்ணும் நிற்பதில்லை. கேரளச் சுவரோவிய மரபில் ஓவியன் தூரிகையை எடுப்பதற்கு முன்பே சுண்ணாம்பு வேலை நெடுநாள் நடந்து முடிந்திருக்கும். சுண்ணாம்பும் மணலும் கடுக்காய்ச் சாறும் சேர்ந்த பூச்சு முதலில். அது காய்ந்தபின், நீற்றிய சுண்ணாம்பை இளநீரில் கரைத்து 25, 30 முறை மெல்லிய வெள்ளை பூசுவார்கள். நிறங்கள் வருவது அதற்கும் பிறகுதான். அரண்மனையின் கரிய தரைகூடப் பளிங்கைப் போலத் தோன்றினாலும், கரியாக்கிய தேங்காய்ச் சிரட்டை, சுண்ணாம்பு, தாவரச் சாறு, முட்டை வெள்ளைக்கரு ஆகியவற்றின் கலவை என்றே சொல்லப்படுகிறது.

இந்தச் சுண்ணாம்பு பெரும்பாலும் சிப்பியிலிருந்து வந்தது. அதாவது, நீரில் கரைந்திருந்த கால்சியத்தை ஓர் உயிர் எடுத்து ஓடாக்கியது. மனிதர் அதைச் சுட்டுச் சுவராக்கினர். அதே மட்டாஞ்சேரியில் இன்று ஒருவர் தம் வீட்டில் நூறு லிட்டர் அளவில் பவளத் தொட்டி ஒன்றை வைத்தால், அவருடைய அன்றாட வேலை இதன் மறுதலையாக அமைகிறது. சுண்ணாம்பை நீரில் கரைத்து உயிருக்குத் திருப்பித் தருகிறார். கரையோரச் சுண்ணாம்பின் வரலாற்றை ஆய்வுப் பொருளாகக் கொள்ளும் மாணவர்களிடம், ஆவணங்களைத் திறப்பதற்கு முன் அத்தகைய தொட்டி ஒன்றின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள் என்று நான் சொல்வதுண்டு. நம் வரலாற்றெழுத்தும் நம் தொழில்துறையும் ஒருசேரத் தவறவிட்ட ஒரு வேறுபாடு அதில் அடங்கியிருக்கிறது. இருப்புக்கும் வரத்துக்கும் உள்ள வேறுபாடு அது.

கணக்கை முதலில் பார்ப்போம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 410 முதல் 420 மில்லிகிராம் கால்சியம் உண்டு. கற்பவளமும் சிப்பியும் நத்தையும் பாறைமேல் படரும் சுண்ணப்பாசியும் அதை எடுத்து, நீரிலுள்ள கார்பனேட்டுடன் சேர்த்துக் கால்சியம் கார்பனேட்டாகப் படியவைக்கின்றன. கார்பனேட், பைகார்பனேட் ஆகியவற்றின் கையிருப்பைத்தான் தொட்டி வளர்ப்போர் 'ஆல்கலினிட்டி' என்ற பெயரில் அளக்கிறார்கள். இயற்கைக் கடல்நீரில் அது லிட்டருக்கு 2.3 மில்லிச்சமானம், தொட்டி வளர்ப்போர் கையாளும் ஜெர்மன் பாகைக் கணக்கில் சுமார் ஆறரை. தொட்டிகளில் 7 முதல் 9 பாகை வரை வைத்திருப்பது வழக்கம்.

சொல்லைப் பற்றி இங்கே ஒரு குறிப்பு. நம் பாடநூல்கள் ஆல்கலினிட்டியையும் 'காரத்தன்மை' என்கின்றன. ஒரு நீர்மம் காரமாக இருக்கும் இயல்பையும் 'காரத்தன்மை' என்கின்றன. இரண்டும் வேறு. பின்னது பி.எச். அளவால் தெரிவது. முன்னது, அமிலம் வந்து சேர்ந்தால் எவ்வளவு வரை தாங்கும் என்னும் திறன். ஆகவே ஆல்கலினிட்டியைக் 'காரத்திறன்' என்று நான் இங்கே எழுதுகிறேன். மொழிபெயர்ப்பில் வந்த இந்த மயக்கம் சிறியதன்று, பி.எச். சரியாக இருக்கிறது என்று நம்பிக் காரத்திறனை அளக்காமல் விடுவதற்கு இச்சொல்லே இடங்கொடுக்கிறது.

இப்போது கணக்கின் மையத்துக்கு வருவோம். ஒரு லிட்டரில் 20 மில்லிகிராம் கால்சியம் ஓடாகவோ பவளமாகவோ படியும்போது காரத்திறன் ஒரு மில்லிச்சமானம், அதாவது 2.8 பாகை, குறைகிறது. கால்சியம் 420 இலிருந்து 400 ஆகும் அதே பொழுதில் காரத்திறன் 8 இலிருந்து 5.2 ஆகிவிடும். முன்னதன் வீழ்ச்சி வீட்டுச் சோதனைக் குப்பியின் பிழைக்குள்ளேயே மறைந்துபோகும். பின்னதன் வீழ்ச்சியோ தொட்டியிலுள்ள உயிர்களுக்கு நெருக்கடி. வேறொரு வகையில் சொன்னால், கடல்நீரின் காரத்திறன் முழுவதும் தீர்ந்துபோகும் நிலையிலும் அதன் கால்சியத்தில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்குதான் செலவாகியிருக்கும். கால்சியத்தை மட்டும் அளப்பவருக்குத் தொட்டி கடைசி நாள்வரை செழிப்பாகவே தோன்றும். கால்சியம் என்பது பெட்டகத்தில் கிடக்கும் செல்வம் போன்றது. காரத்திறன் நாள்தோறும் வந்து செலவாகும் கைக்காசு. குடும்பம் முடங்குவது கைக்காசு நின்றுபோகும்போதுதான்.

இந்தக் கண்ணோடு கொச்சியின் சுண்ணாம்பு வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

1503 இல் போர்ச்சுகீசியர் இங்கே எழுப்பிய கோட்டை தென்னை மரத் தண்டுகளை இரு வரிசையாக நிறுத்தி இரும்பால் பிணைத்து நடுவே மண் இட்டு உருவானது. அவர்களுடைய முதல் தேவாலயமும் மரக்கட்டடமே. 1506 இல்தான் மரக்கட்டடங்களைக் கல்லாலும் காரையாலும் மாற்றிக் கட்டக் கொச்சி அரசரிடமிருந்து பிரான்சிஸ்கோ த அல்மெய்தா இசைவு பெற்றார். அவ்வாறு மாற்றிக் கட்டிய தேவாலயம், இன்றைய புனித பிரான்சிஸ் தேவாலயம், 1516 இல் நிறைவுற்றது. காரைக்கு அரசனின் இசைவு தேவைப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. சுண்ணாம்பு அன்று வெறும் கட்டுமானப் பொருளாக இருக்கவில்லை. யார் நிலையாகத் தங்கலாம், யார் தங்கக்கூடாது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் அதில் இருந்தது.

இசைவு கிடைத்தபின் கட்டடங்கள் பெருகின. 1555 அளவில் போர்ச்சுகீசியர் வீர கேரள வர்மாவுக்குக் கட்டித் தந்த மட்டாஞ்சேரி அரண்மனை, 1568 இல் அதனருகே எழுந்த பரதேசி யூதத் தொழுகைக்கூடம், 1663 இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் செய்த மாற்றங்கள், பண்டகசாலைகள், மதில்கள். 1795 இல் வந்த ஆங்கிலேயர் 1806 இல் கோட்டை மதிலைத் தகர்த்தனர். மூன்று நூற்றாண்டுகளின் சுண்ணாம்பு அன்று இடிபாடாயிற்று. ஆட்சிகளின் வரிசையாக இவ்வரலாற்றைப் பலர் எழுதியிருக்கிறார்கள். அதையே சிப்பிகளின் கணக்காகவும் எழுத முடியும். எழுதவும் வேண்டும் என்பது என் துணிபு.

சிப்பி எங்கிருந்து வந்தது என்பதற்கு நிலவியல் விடையளிக்கிறது. கேரளத்தில் சுண்ணாம்புக்கல் அரிது. பாலக்காட்டருகே வாளையாறு போன்ற சில இடங்களில்தான் உண்டு. கரையோர மக்களுக்குச் சுரங்கம் என்பது வேம்பநாட்டுக் காயலே. அதில் வாழும் கருப்புக் கக்காய் இறைச்சியாக உணவுக்கும் ஓடாகக் காளவாய்க்கும் போகும். காயலின் அடியில் புதைந்து கிடக்கும் பழைய ஓடுகளின் படுகை தனி. சுட்ட சிப்பியை மலையாளத்தில் 'நீற்றுகக்கா' என்கிறார்கள். நீறு, நீற்றுதல் என்னும் நம் பழஞ்சொல் அங்கே உயிரோடு இருக்கிறது. நாமோ நீற்றை நெற்றிக்கு மட்டும் ஒதுக்கிவிட்டோம்! ஆங்கிலேயர் வியந்து போற்றிய 'மதராஸ் சூனம்' கிளிஞ்சல் சுண்ணாம்பே என்பதையும், 'சூனம்' என்ற அச்சொல்லில் நம் 'சுண்ணாம்பு' ஒலிப்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

கக்காயை ஓடாக்குவது எளிய காரியமன்று. வேம்பநாட்டில் வந்து விழும் ஆறுகள் மேற்குத் தொடர்ச்சி மலையின் பழம்பாறைகளைக் கழுவி வருபவை. அவற்றின் நீர் மென்னீர். சுண்ணாம்பு அதில் மிகக் குறைவு. கடல்நீர் அழிமுகத்தின் வழியே ஏறி வரும்போதுதான் கால்சியமும் காரத்திறனும் காயலுக்குள் பெரிதும் நுழைகின்றன. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஆற்று வெள்ளம் உப்பை வெளியே தள்ள, கோடையில் கடல் மீண்டும் உள்ளே ஏறுகிறது. காயலின் சுண்ணாம்பு வரத்து இந்த ஏற்ற இறக்கத்தை ஒட்டியது. குட்டநாட்டு நெல் வயல்களில் உப்பு ஏறாமல் தடுக்க 1976 இல் செயல்பாட்டுக்கு வந்த தண்ணீர்முக்கம் தடுப்பணை, கோடை மாதங்களில் அந்த ஏற்றத்தை மறிக்கிறது. இனம் பெருக்க ஓரளவு உப்பு வேண்டிய கக்காய்க்கு அணையின் தென்புறம் முன்போல் இல்லை. உழவரின் தேவையும் உண்மை. கக்காய் வாருவோரின் இழப்பும் உண்மை. இரண்டில் ஒன்றை எளிதாகத் தள்ளிவிட்டு எழுதும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை.

அடிப்படுகையின் கதை வேறு. 1946 இல் தொடங்கிய திருவாங்கூர் சிமெண்ட்ஸ் நிறுவனம், கோட்டயத்தை அடுத்த நாட்டகத்தில், காயலின் அடியிலிருந்து தோண்டிய சிப்பியைக் கொண்டு வெள்ளைச் சிமெண்ட் செய்தது. அதன் வணிகப் பெயரும் 'வேம்பநாடு'தான். பல தலைமுறைக் கக்காய்கள் விட்டுச்சென்ற ஓட்டைத் தோண்டி எடுப்பது பெட்டகத்தைத் திறப்பது. ஆண்டுதோறும் உயிரோடு வளரும் கக்காயை அளவறிந்து வாருவது கைக்காசில் வாழ்வது. இரண்டும் ஒரே காயலில், அருகருகே, ஒரே சொல்லால் 'கக்காய்த் தொழில்' என்று வழங்கின. டன் கணக்கில் எழுதும் பேரேட்டில் இரண்டுக்கும் ஒரே பத்திதான்.

கொச்சியில் கடல் ஆராய்ச்சி என்று சொன்னால் இன்று நினைவுக்கு வரும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947 இல் தொடங்கியது. முன்பு அது இயங்கியது நம் மண்டபத்தில். 1971 இல்தான் அதன் தலைமையகம் கொச்சிக்குப் பெயர்ந்தது. கதையை மண்டபத்துக்குக் கொண்டுசெல்ல இதுவே வழி. ஏனெனில், வேம்பநாட்டில் சிப்பிக்கு நேர்ந்தது மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைக்கே நேர்ந்தது.

காலத்தின் ஒரு பொருத்தத்தை இங்கே கவனியுங்கள். பவளம் ஒளியில் விரைந்து சுண்ணம் படியவைக்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர் கவாகுதியும் சகுமோதோவும் 1948 இல் எழுதினர். 1950களில் தாமஸ் கோரோ ஜமைக்காவில் கதிரியக்கக் கால்சியத்தைக் கொண்டு அந்த வேகத்தையே அளந்தார். பவளப்பாறையைக் கல்லாகப் பார்ப்பதை விட்டு, நாள்தோறும் நடக்கும் ஒரு வினையாக அறிவியல் பார்க்கத் தொடங்கிய காலம் அது. 1969 சனவரியில், பவளங்கள் பற்றிய உலகின் முதல் பன்னாட்டுக் கருத்தரங்கு மண்டபம் முகாமில்தான் கூடியது. இன்றும் நடந்துவரும் பன்னாட்டுப் பவளப்பாறைக் கருத்தரங்குகளின் வரிசை அங்கிருந்தே எண்ணப்படுகிறது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அதே காலத்தில், அதே கரையில், பாறைகளைப் பெயர்த்துப் படகில் ஏற்றிச் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் வேதித் தொழிலுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நிறுவனத்தின் பவள ஆய்வாளர் சி.எஸ்.கோபிநாத பிள்ளை இவ்வழிவைத் தம் கட்டுரைகளில் பதிவு செய்தார். அறிவு ஓரிடத்திலும் அழிவு வேறிடத்திலும் நடந்திருந்தால் அறியாமை என்று சொல்லிக்கொள்ளலாம். மண்டபத்தில் அப்படிச் சொல்ல இடமில்லை.

விளைவு நிலப்படத்திலேயே தெரிகிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும் இன்று நீருக்கடியில். அலையைத் தடுத்த பாறையை அகற்றியபின் மணல் தீவு நிற்காது. 1986 இல் தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தது. 2001 இல் கற்பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. இலங்கையின் தென்மேற்குக் கரையிலும் பவளம் சுட்ட காளவாய்கள் உண்டு. 2004 ஆழிப்பேரலையில் தொடர்வண்டி கவிழ்ந்த பெரேலியாவை ஆராய்ந்தவர்கள், பவளம் பெயர்த்தெடுத்த இடங்களில் அலை கூடுதலாக உட்புகுந்ததைச் சுட்டிக்காட்டினர்.

இனித் தொட்டிக்குத் திரும்பலாம். கடலைக் கண்ணாடிக்குள் வைக்கும் ஆசை நம் ஊரிலும் பழையது. சென்னை மெரினாவில் 1909 இல் மீன் காட்சியகம் திறந்தது. இரண்டாம் உலகப்போரில் அது மூடப்பட்டது. ஆனால் மீன் வாழ்வது வேறு, பவளம் வளர்வது வேறு. ஜகார்த்தாவின் லீ சின் எங், உயிர்ப்பாறையையும் காற்றுக் குமிழியையும் கொண்டே பவளங்களை வாழவைத்த முறையை 1960களின் தொடக்கத்தில் எழுதி வெளியிட்டார். அவர் கையருகே கடல் இருந்தது. நீரை மாற்றிக்கொள்ள முடிந்தது. கடலுக்குத் தொலைவில் உள்ளவர்களுக்கு வழிகாட்டியவர் பீட்டர் வில்கன்ஸ். 1970களில் அவர் பரப்பிய 'கால்க்வாசர்' என்னும் மருந்தின் பெயரைப் பெயர்த்தால் சுண்ணாம்பு நீர் என்றே வரும். நம் பாட்டிமார் பூசணித் துண்டை ஊறவைக்க எடுக்கும் சுண்ணாம்புத் தெளிநீரும் அதுவும் ஒன்றே.

அதன் சிறப்பு, கால்சியத்தையும் காரத்திறனையும் பவளம் செலவழிக்கும் அதே விகிதத்தில் திருப்பித் தருவது. நூறு லிட்டர்த் தொட்டி ஒன்று நாளுக்கு அரைப் பாகை காரத்திறனைச் செலவிடுகிறது என்று கொண்டால், படியும் சுண்ணம் ஒரு கிராமுக்கும் சற்றுக் குறைவு. அதை ஈடுசெய்ய நிறைவுற்ற சுண்ணாம்பு நீர் ஏறத்தாழ 400 மில்லிலிட்டர் போதும். ஆவியாகும் நீருக்கு ஈடாக அதைச் சொட்டுச்சொட்டாக, கூடுமானவரை இரவில், விட வேண்டும். அதன் பி.எச். 12 ஐத் தாண்டுவதால், ஒரேயடியாக ஊற்றினால் சுண்ணம் வெண்புகையாக நீரிலேயே வீழ்ந்துவிடும். சேர்த்ததும் போய், இருந்ததும் போகும். மெக்னீசியம் லிட்டருக்கு 1300 மில்லிகிராமை ஒட்டி இருந்தால் இந்த வீழ்ச்சி எளிதில் நேராது.

கொச்சிக்கென்று சில தனிச் சிக்கல்கள் உண்டு. ஆடி மாதத்து ஈரக்காற்றில் நீர் ஆவியாவது குறைவு. ஆவியாகாத தொட்டியில் 400 மில்லிலிட்டரை எங்கே சேர்ப்பது? அப்போது கால்சியம் குளோரைடு ஒரு குப்பியிலும் சோடியம் பைகார்பனேட் இன்னொன்றிலுமாகப் பிரித்துச் சேர்ப்பதே வழி. இரண்டையும் ஒரே குப்பியில் கலக்கக்கூடாது. சுண்ணாம்பு வெந்நீரைவிடத் தண்ணீரில் நன்கு கரையும் என்பதும் நம் வெப்பத்தில் நினைவில் கொள்ளத்தக்கது. கரையோரத்தில் மொண்ட நீர் மழைக்காலத்தில் ஆற்று நீரே. அதைக் கடல்நீர் என்று நம்பி ஊற்றினால் உப்பும் காரத்திறனும் சேர்ந்தே சரியும். வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பையும் தவிர்ப்பது நலம். அளப்பதில் ஒழுங்கு வேண்டும். காரத்திறனை ஒரே நேரத்தில், இரண்டு நாளுக்கு ஒருமுறையேனும், குறிப்பேட்டில் எழுதிவர வேண்டும். ஒரு நாளின் எண் பெரிதாக எதையும் சொல்லாது. எண்ணுக்கும் எண்ணுக்கும் இடையேயுள்ள சரிவே அந்தத் தொட்டியின் செலவு.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். நம் கடலின் கற்பவளத்தைச் சிறு துண்டாகக்கூட எடுக்கவோ விற்கவோ வைத்திருக்கவோ இயலாது. அயல்நாட்டு உயிர்களைப் பதிவு செய்ய 2022 திருத்தம் கேட்கிறது. 'கடையில் விற்றார்கள், வாங்கினேன்' என்பது விடையாகாது. சுண்ணப்பாசியும் நத்தைகளும் மட்டுமே உள்ள தொட்டியிலும் கால்சியக் கணக்கு அச்சொட்டாக இதுவே. கற்றுக்கொள்ள அதுவே போதும்.

தொட்டியின் பாடத்தை மிகப் பெரிய அளவில் காட்டிய நிகழ்வு ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் அரிசோனாவில் 'பயோஸ்பியர் 2' என்னும் மூடிய கண்ணாடி உலகுக்குள் 1991 முதல் 1993 வரை எட்டுப் பேர் வாழ்ந்தனர். உயிர்வளி குறைந்துகொண்டே போனது. ஆனால் அதற்கு ஈடாகச் சேர்ந்திருக்க வேண்டிய கரியமில வாயுவைக் காணவில்லை. அதைக் குடித்தவை கட்டடத்தின் கான்கிரீட் சுவர்கள் என்று பின்னர் கண்டறிந்தனர். சுவரிலிருந்த சுண்ணாம்பு வாயுவை உண்டு மீண்டும் கால்சியம் கார்பனேட்டாகியிருந்தது. மட்டாஞ்சேரிச் சுவர்கள் காய்ந்து இறுகியதும் இதே வினையால்தான். அதே கட்டடத்துக்குள் இருந்த செயற்கைக் கடலில் கிறிஸ் லாங்டனும் குழுவினரும் செய்த ஆய்வு 2000 இல் வெளிவந்தது. கார்பனேட் குறையக் குறையப் பவளத்தின் சுண்ணப் படிவும் குறைவதை அது காட்டியது. கால்சியம் அங்கே தாராளமாகவே இருந்தது.

தொழிற்புரட்சிக்குப் பின் கடலின் மேற்பரப்புப் பி.எச். 8.2 ஐ ஒட்டியிருந்தது 8.1 ஐ ஒட்டி இறங்கியிருக்கிறது. நாம் விட்ட கரியமில வாயு கடலில் கரைந்து கார்பனேட்டைத் தின்கிறது. சுண்ணாம்பைச் சுட்டுச் சிமெண்டாக்கும் தொழிலுக்கும் அதில் பங்குண்டு. கடல் முழுவதற்கும் சுண்ணாம்பு நீர் சொட்டவிடலாம் என்று கருதுவோரும் இப்போது இருக்கிறார்கள். அதற்கான சுண்ணாம்பை எங்கே, எதைக் கொண்டு சுடுவார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றுகிறது.

கடைசியாக மாணவர்களுக்கு ஒன்று. கொச்சியின் டச்சு ஆவணங்கள் கொச்சியில் இல்லை. சென்னை எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மிளகுக்காகவும் போருக்காகவும் ஒப்பந்தங்களுக்காகவும் அவற்றைப் படித்தவர்கள் உண்டு. டச்சு மொழி பயிலும் மாணவர் எவரேனும் அவற்றைச் சுண்ணாம்புக்காகப் படிக்க முன்வந்தால், சிப்பி, காளவாய், விறகு, படகுக் கூலி என்று எதிர்ப்படும் ஒவ்வொரு வரியையும் ஆண்டோடு குறித்துவாருங்கள். காயலின் உயிரியல் பக்கத்தைப் படிக்கும் ஒருவரையும் உடன் சேர்த்துக்கொள்ளுங்கள். விருப்பமுள்ளவர்கள் கீழே எழுதலாம். ஒரு வாசிப்புக் குழுவாகத் தொடங்குவோம்.